ஏழு ஜெர்மன் தட்டுகளும் ஒரு பாவாடை எலாஸ்டிக்கும்

கையை இறக்குங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

ஆழ்வார்பேட்டையில் ஒரு காபிக் கடையின் மாடி. ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழாத பிற்பகல். எனக்கு எதிரே இருபது இருபத்திரண்டு இளவட்டங்கள் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்ணின் இடது கையில் காபிக் கோப்பை, வலது கை ஆகாயத்தில். கண்ணாடி போட்ட ஒருவன் தூக்கிய கை வலிக்கவே, அதை இன்னொரு கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தான். கடைச் சிப்பந்தி ஓடிவந்தார். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

“எல்லாருக்கும் அதே காபியா சார்?” என்று என்னிடம் கேட்டார்.

தூக்கச் சொன்னவன் நான்தான். மேஜைமேல் ஒரு ஜெர்மன் இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. “தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வாருங்கள். ஆறு எண்ணியதும் கையைத் தூக்குங்கள். ஏழில் ‘டக்’கென்று ஓர் அடி விழும். அதோடு உங்கள் கையும் விழட்டும். அப்புறம் சொல்லுங்கள், உலகத்தில் இப்படியொரு டிரம்மர் உண்டா என்று.” இப்படி ஒரு முன்னுரை வேறு கொடுத்திருந்தேன்.

எண்ணினார்கள். தூக்கினார்கள். அடி விழவில்லை.

அடுத்த சுற்றில் விழும் என்று சைகை காட்டினேன். அடுத்த சுற்றிலும் இல்லை. பையன்களும் பெண்களும் நல்ல வளர்ப்பு. பெரியவர் சொன்னார் என்று தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்திருந்தார்கள். நானும் என் கையை மேலேயே வைத்துக்கொண்டு, என் ஆயுளில் பாதியை நம்பிக் கழித்த அந்த ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

போன வாரம் பெரியப்பாவின் ஸ்கூட்டரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், “இதெல்லாம் நிஜமா நடந்ததா, இட்டுக்கட்டுகிறீர்களா” என்று கேட்டிருக்கிறார். ஐயா, இட்டுக்கட்டத் தெரிந்திருந்தால் இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் ஃபைல் கட்டிக்கொண்டிருந்திருப்பேனா? நடந்ததைச் சொல்வதற்கே எனக்குத் தெம்பு போதவில்லை.

கொலுப்படிக்குப் பின்னால்

எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். பில்டர் தேதி கொடுத்துவிட்டார். அதுவரை கோட்டூர்புரத்தில் வாடகை வீடு. என் மனைவி கோமளா ஒரு வாரமாக லாஃப்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். அதாவது அவள் கீழே நின்று சொல்ல, நான் மேலே ஏறித் தும்மிக்கொண்டிருந்தேன்.

“இந்த ஆத்துல இருக்கறதுல பாதி உங்க குப்பை. தூக்கிண்டு வரணும்னா நீங்களே சுமந்துண்டு வாங்கோ” என்றாள்.

கொலுப்படிப் பலகைகளுக்குப் பின்னால், பழைய போர்வையில் சுற்றிய ஒரு மூட்டை கையில் தட்டுப்பட்டது. முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தையற்காரர்கள் துணிமூட்டைக்குப் போடும் முடிச்சு. உள்ளே ஏழு இசைத்தட்டுகள். லாஃப்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜெர்மனியில் ஒரு காலத்தில் சில வாலிபர்கள் தலைமுடி வளர்த்துக்கொண்டு, பாட்டு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு தட்டு போட்டார்கள். அந்த வகைத் தட்டுகள் இவை. ஒன்றில் இரும்பு பீரோவை இழுக்கிறமாதிரி சத்தம், நடுவில் புல்லாங்குழல். இன்னொன்றில் ஒருவர் ரயில் வரும் நேரத்தை அறிவிக்கிற தோரணையில் பதினைந்து நிமிடம் பேசுவார், பின்னணியில் தண்ணீர் சொட்டும். குழுக்களின் பெயர் எங்கள் வாயில் நுழையாது. அட்டையைப் பார்த்து நாங்களே பெயர் வைத்திருந்தோம். பச்சை அட்டை. மொட்டைத்தலை. மாடிப்படி. எல்லாவற்றுக்கும் மேலாக, முட்டைகோஸ். அதன் அட்டையில் ஒரு முட்டைகோஸ்மேல் இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஏன் என்று கேட்கக் கூடாது.

முட்டைகோஸ் தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. நிற்காமல் ஓடும் ஒரே தாளம், அதன்மேல் அடித்தொண்டையில் ஒருவர் பாடுவார். ஜெர்மன் தெரியாவிட்டாலும், கண்டிக்கிறார் என்பது விளங்கும். அவருக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தோம்.

தட்டைச் சுழற்ற என்னிடம் மெஷின் கிடையாது. என் மகள் நித்யா அட்டையைப் போனில் படம் பிடித்தாள். இரண்டு நிமிடத்தில், “இந்தாப்பா உன் முட்டைகோஸ்” என்று காதில் கருவியை மாட்டிவிட்டாள்.

கேட்டேன். பாட்டு ஓட்டமும் நடையுமாகப் போனது. ஹெட்மாஸ்டருக்குப் பதில் ஒரு இளம்பெண் உற்சாகமாகப் பாடினாள். இருபத்தோரு நிமிடப் பாட்டு பதினாறு நிமிடத்தில் முடிந்துபோனது. ஹெட்மாஸ்டர் வரவேயில்லை. ‘டக்’கும் வரவில்லை.

“இது போலி” என்றேன்.

“ஒரிஜினல்னு போட்டிருக்குப்பா.”

“இப்போ இருக்கறவா அவசரத்துல சுருக்கிட்டா. எல்லாத்தையும் சுருக்கறாளே, இதை விடுவாளா. டிரம்மரையே தூக்கிட்டா பாரு.”

நித்யா என்னைப் பார்த்த பார்வையில் பரிவு இருந்தது. எனக்குப் பரிவு ஆகாது. அவளுடன் வேலை பார்க்கும் தாரா என்ற பெண் மாதம் ஒரு முறை பழைய தட்டுகளைக் கூட்டமாக உட்கார்ந்து கேட்கும் குழு ஒன்றை நடத்துகிறாளாம். இந்த ஜெர்மன் தட்டுகள் என்றால் அவர்களுக்கு உயிராம். அசல் தட்டு வைத்திருக்கும் மாமா ஒருவர் மயிலாப்பூரில் இருக்கிறார் என்றதும் வரச் சொல்லிவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று, உண்மையான முட்டைகோஸை உலகத்துக்கு நிரூபித்துவிடுவது என்று நானும் கிளம்பினேன்.

அந்தக் கை தூக்கிய கதைக்குத் திரும்புவதற்கு முன், இக்பாலைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன், இந்தத் தொடரிலும் வாழ்க்கையிலும்.

கச்சேரி ரோட்டு மாடி

இக்பாலும் நானும் நந்தனத்தில் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு. கச்சேரி ரோட்டில் அவன் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தையல் கடை. கீழே நாலு மெஷின், மேலே துணி அடுக்கும் அறை. அந்த மேல் அறைதான் எங்கள் ராஜ்ஜியம். கரி இஸ்திரியின் வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் இன்றைக்கும் எங்காவது சேர்ந்து வந்தால் எனக்குப் பதினெட்டு வயது ஆகிவிடுகிறது.

அடையாறில் குடியிருந்த ஜெர்மன் இன்ஜினியர் ஒருவருக்கு அத்தாதான் பேண்ட் தைப்பார். அளவெடுக்கும்போது அத்தா வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே எடுப்பார். அதைக் கேட்டு இவர் பெரிய சங்கீத ரசிகர் என்று அந்த மனிதர் முடிவுகட்டிவிட்டார். ஊரைவிட்டுப் போகும்போது ஒரு ரிக்கார்டு பிளேயரையும் ஏழு தட்டுகளையும் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தா அரை நிமிடம் கேட்டார்.

“மெஷினு ரிப்பேர் போல கீது. மேல போட்டு வை” என்று இக்பாலிடம் சொன்னார்.

மெஷின் நிஜமாகவே அரை ரிப்பேர்தான். உள்ளே மோட்டாரையும் சுழலும் வட்டையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் சென்னை வெயிலில் இளகித் தார்போல ஆகிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் அறுந்தே போனது. இக்பால் எழுந்தான். கீழே போனான். பள்ளிக்கூடப் பாவாடைக்கு வைக்கும் எலாஸ்டிக்கில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துக்கொண்டு வந்து மாட்டினான். சுழன்றது.

சரியாகத்தான் சுழல்கிறதா என்று பார்க்க ஒரு சினிமாப் பாட்டுத் தட்டை வைத்தோம். கதாநாயகி ஜலதோஷம் பிடித்த ஆம்பிளையாகப் பாடினாள். உடனே எடுத்துவிட்டு முட்டைகோஸை வைத்தோம். அது பிரமாதமாக இருந்தது. ஆகவே மெஷினில் பிழையில்லை என்று தீர்மானித்தோம்.

சிரிக்காதீர்கள். வெளிநாட்டுச் சாமான் எதுவானாலும் அந்த ஊர் கரண்ட்டுக்குச் செய்தது, நம் ஊர் கரண்ட்டில் முரண்டு பண்ணும் என்று எல்லோரும் நம்பிய காலம். என் அப்பாவிடம் கேட்டபோது அவரும், “ஜெர்மன் மெஷின் ஜெர்மன் பாட்டைத்தானேடா ஒழுங்கா பாடும்” என்றார். அதோடு விஷயம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அதில் சினிமாப் பாட்டு வைப்பதில்லை. ஆக, எலாஸ்டிக் வழுக்கி வழுக்கி மெதுவாகச் சுற்றிய விஷயம் எங்களுக்குத் தெரிய வழியே இல்லாமல் போனது. அப்படித்தான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழெட்டு வருடம் கேட்டோம். கல்லூரி முடிந்து எனக்கு வேலை கிடைத்த பிறகும் சாயங்காலம் அங்கேதான் போவேன். கீழே நாலு தையல் மெஷின் ஓடும், மேலே ஜெர்மன்காரர்கள் பீரோ இழுப்பார்கள், எது எங்கே முடிகிறது என்று தெரியாது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது இக்பால் தட்டின்மேல் ஓடும் முள்ளைத் தூக்கிப் பிடித்துக்கொள்வான். முடிந்ததும் அதே இடத்தில் வைப்பான். ஒரு தடவைகூட இடம் தவறியதில்லை. அத்தனை நல்ல கை அவனுக்கு.

அந்த ஓர் அடி

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தாளப் பைத்தியம். அப்பா சபாவில் மட்டுமல்ல, ரேஷன் கியூவிலும் தொடையில் தட்டிக்கொண்டிருப்பார். எனக்கும் அது தொற்றிவிட்டது. இப்போது எங்கள் தெருவில் மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டும் யந்திரம் ஐந்து ஐந்தாகப் போகிறது. சுத்தமான கண்ட சாபு. கோமளா அதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள், நான் ஜன்னலைத் திறந்து வைப்பேன்.

முட்டைகோஸில் நான் கண்டுபிடித்ததுதான் அந்த ‘டக்’. பின்னணியில் மேளம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். ஏழு எண்ணிக்கைக்கு ஒரு தரம், தனியாக, மெலிசாக, ‘டக்’. மிஸ்ர சாபு. மற்ற டிரம்மர்கள் கண்ட இடத்தில் எல்லாம் அடிக்கிறார்கள். இந்த மனிதன் ஏழுக்கு ஒரு தடவை அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இருபத்தோரு நிமிடமும் இதே அடக்கம். “இதுக்குப் பேர்தாண்டா தபஸ்” என்று இக்பாலிடம் மணிக்கணக்கில் பேசுவேன். அவன் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே, “அவ்ளோ நல்லாவா கீது?” என்று மறுபடி மறுபடி கேட்பான். கேட்கக் கேட்க நான் இன்னும் புகழ்வேன்.

ஒரு விஷயம் என்னை அப்போதே உசுப்பியிருக்க வேண்டும். அந்த அடி ஏழு தட்டிலும் இருந்தது. எண்ணிக்கை தட்டுக்குத் தட்டு மாறும், ஆனால் அதே ‘டக்’. ஏழு தட்டும் ஏழு வெவ்வேறு குழு. “ஜெர்மனி முழுக்க இந்த ஒரே ஆள்தான் போய் வாசிக்கிறான்போல இருக்கு” என்று வியந்தேன்.

“இருக்கும்” என்றான் இக்பால்.

பிறகு அந்த நாள். மழைக்காலம் என்று ஞாபகம், அறை முழுக்கக் காயாத துணி தொங்கியது. முட்டைகோஸ் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏழு ஏழாகப் போட்டுக்கொண்டிருந்தேன். இக்பால் திடீரென்று, “மச்சி, இன்னிக்கு எண்ணிப் பாரு, எட்டு வருது” என்றான்.

“ஏழு” என்றேன்.

“கைய நிறுத்திட்டு கேளுடா. எட்டு.”

என் தாளத்தில் ஒருவன் பிழை சொல்வதா? எங்கள் வீட்டுப் பரம்பரை என்ன, சபா என்ன. அதுவும் எட்டாம். எட்டு யாருக்கும் வரும். கையை நிறுத்தவில்லை. ஓசையாகவே தட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே மறுபடியும், “எட்டுடா” என்றான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“அளவு நாடா பிடிக்கிறவனுக்குத் தாளத்தைப் பத்தி என்னடா தெரியும்?”

கீழே மெஷின்கள் நின்றுபோயின. அத்தாவுக்கும் கேட்டிருக்கிறது, வேலை செய்தவர்களுக்கும் கேட்டிருக்கிறது. இக்பால் முள்ளைத் தூக்கினான். தட்டுகளை ஒவ்வொன்றாக உறையில் போட்டான். ஒரு போர்வையில் சுற்றி முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தான்.

“எடுத்துக்கினு போ. மெஷினு எங்க அத்தாவுக்குக் குடுத்தது. அது இங்க இருக்கட்டும்.”

ஆக, தட்டு என்னிடம், மெஷின் அவனிடம். முப்பது முப்பத்தைந்து வருடம் அப்படியே ஓடிவிட்டது. நான் கச்சேரி ரோட்டைத் தவிர்த்துச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அத்தா மவுத்தானார், காலமாகிவிட்டார் என்று தெரிந்து புறப்பட்டுப் போனேன். எதிர்ச்சாரி மருந்துக் கடை வாசல்வரைதான் கால் போனது. அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். எனக்கு எத்தனையோ பேண்ட் தைத்துக் கொடுத்த மனிதர். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

ஜாயிண்ட் இல்லாத பெல்ட்

ஆழ்வார்பேட்டைக்குத் திரும்புகிறேன். கைகள் இன்னும் மேலேதான் இருக்கின்றன.

கடைசியில் தாராதான் என் நிலைமையைப் பார்த்து முள்ளைத் தூக்கினாள். இருபத்திரண்டு கைகளும் இறங்கின. சிப்பந்தி ஏமாற்றத்துடன் போனார்.

“அங்கிள், நீங்க சொல்ற சத்தம் ஒருவேளை தட்டுல கீறலா இருந்திருக்குமோ?” என்று தாரா மெதுவாகக் கேட்டாள்.

“ஏழு தட்டிலேயுமா?” என்றேன். “உங்க மெஷின்ல கோளாறு.”

“புது மெஷின் அங்கிள். பாருங்க.” சுழலும் வட்டைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே வழவழவென்று ஒரு கறுப்பு ரப்பர் வளையம். “பெல்ட்கூட ஒரே வார்ப்பு. ஜாயிண்ட்டே கிடையாது. ஜாயிண்ட் இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் டக்கு டக்குனு இடிக்கும்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வட்டைத் திரும்ப மாட்டினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டிரம்மர் இல்லை. டிரம்மர் எந்தக் காலத்திலும் இல்லை. பாவாடை எலாஸ்டிக்கின் இரண்டு முனையைச் சேர்த்து இக்பால் போட்ட தையல், மோட்டார் கப்பியில் ஏறி இறங்கும்போதெல்லாம் எழுப்பிய சத்தம் அது. நான் தபஸ் என்றது அவன் தையல். அந்தத் தையலுக்குச் சொந்தக்காரனிடம்தான் உனக்குத் தாளத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உறைத்தது. எலாஸ்டிக் வழுக்கி மெதுவாகச் சுற்றியதில் அந்த இளம்பெண்தான் எங்களுக்கு ஹெட்மாஸ்டர் ஆகியிருக்கிறாள். ஹெட்மாஸ்டர் பாடுகிற, இருபத்தோரு நிமிடம் ஓடுகிற, ‘டக்’ விழுகிற முட்டைகோஸ் இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை. அதைச் செய்த ஜெர்மன்காரர்களே கேட்டதில்லை. கேட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவனிடம் நான் பேசுவதில்லை.

நாற்பதா, நாற்பத்திரண்டா

இக்பாலின் கடை இப்போது தி. நகரில், பாண்டி பஜாரைத் தாண்டி ஒரு சந்தில் இருக்கிறது. விசாரித்துக்கொண்டு மறுநாள் மதியம் போனேன். தட்டுகளை ஜவுளிக்கடைப் பையில் வைத்து மார்போடு அணைத்துப் பிடித்திருந்தேன். பஸ்ஸில் ஒரு வசனம் தயார் செய்திருந்தேன். ‘அன்று நான் பேசியது அறியாமை’ என்று தொடங்கும், கொஞ்சம் ஆபீஸ் கடிதம் போலத்தான் இருந்தது.

வெள்ளைத் தாடி. கழுத்தில் நாடா. கண்ணாடிக்கு மேலாக என்னை ஏற இறங்கப் பார்த்தான். பார்வை இடுப்பில் நின்றது.

“நாப்பதா, நாப்பத்திரெண்டா?”

“முப்பத்தெட்டு” என்றேன்.

எழுந்து வந்து நாடாவைச் சுற்றினான். “வயித்த இழுக்காத. மூச்ச உடு.” விட்டேன். “நாப்பத்திரெண்டு. குந்து.”

பிளவுஸ் வாங்க வந்த ஓர் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். வசனம் மறந்துவிட்டது. மேஜை ஓரத்தில் பட்டன் டப்பாக்கள் வட்டமாக அடுக்கியிருந்தன. இக்பால் வட்டத்தை விரலால் தள்ளினான், அது சுழன்று வெள்ளைப் பட்டன் அவன் முன்னால் வந்து நின்றது. அடியில் இருந்தது எங்கள் பிளேயர்.

“அன்னிக்கு நான் சொன்னது தப்பு இக்பால்” என்றேன். “அத்தா மவுத்துக்கு வராததும் தப்பு.”

“வந்தியே. மருந்துக் கட வாசல்ல நின்னுக்கினு இருந்தே. பார்த்தேன்.” நூலைப் பல்லால் கடித்தான். “கூப்ட்ருக்கலாம். எனுக்கும் திமிருதான், விடு.”

 பேச்சை மாற்ற ஆழ்வார்பேட்டைக் கதையைச் சொன்னேன். கை தூக்கியது, சிப்பந்தி வந்தது, பெல்ட், ஜாயிண்ட் எல்லாம். அவன் வியப்படைவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பட்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உனக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெச்சவனுக்குத் தெரியாதா மச்சி?”

“எப்போலேர்ந்து?”

“மொத நாளே. மெதுவா சுத்துறதும் தெரியும். நீ அந்த டக்க அப்டிப் பாராட்டிக்கினு இருந்தே. எத்தினி சட்ட தெச்சிருக்கேன், எத்தினி பேண்டு. தையலு நல்லா கீதுனு ஒருத்தன் சொன்னது கெடையாது. புடிப்பா கீது, லூசா கீது, அவ்ளோதான் சொல்வானுங்க. நீ ஒருத்தன்தான் ஏழு வருசம் சொன்னே. அத்த இன்னாத்துக்குக் கெடுக்கணும்னு உட்டுட்டேன்.”

“அப்போ ஏழா, எட்டா?”

“ரெண்டும்தான். எலாஸ்டிக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா தொய்ஞ்சிடும், புச்சு மாத்துவேன். கரெக்டா அளந்து ஏழுல வெப்பேன், உனுக்கு அதான புடிக்கும். அன்னிக்கு மட்டும் அர இஞ்சு கூடப் பூட்சி. எட்டு ஆயிடிச்சு. அத்த சொல்லி உண்மையையும் சொல்லிடலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ அந்த வார்த்தைய சொல்லிட்டே.”

பிளவுஸ் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். இக்பால் கையில் இருந்த ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் மேஜையைத் தட்டி பட்டன் டப்பாக்களை ஓரம் ஒதுக்கினான்.

வட்டைத் தூக்கினான். பழைய எலாஸ்டிக் கறுத்து, விறைத்து, கையில் எடுத்ததும் பொடிந்தது. அலமாரியிலிருந்து புது எலாஸ்டிக் சுருளை எடுத்து மேஜை விளிம்பில் வைத்து நீட்டினான். கத்திரியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“ஏழா, எட்டா? எதுல வெக்கட்டும்?”

லூஸா டைட்டா என்று எல்லோரிடமும் கேட்கும் அதே குரல்தான். முப்பத்தைந்து வருடமாக நான் கெட்டியாகப் பிடித்துவைத்திருந்த ஏழு.

“எட்டு” என்றேன்.

“நெசமாவா?”

“எட்டுதான். நீ சொன்னதுதான் சரி.”

தலையை ஆட்டினான். வெட்டினான். தையல் மெஷினில் வைத்து முன்னும் பின்னுமாக நாலு ஓட்டு ஓட்டினான். மாட்டினான். நான் முட்டைகோஸை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த இஸ்திரிப் பெட்டி அட்டையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முள்ளை வைத்தான்.

ஹெட்மாஸ்டர் வந்தார். அதே அடித்தொண்டை, அதே கண்டிப்பு. அந்த இளம்பெண் போன இடம் தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கியது. பிளவுஸ் அம்மா எட்டிப் பார்த்து, “மிஷின்ல ஏதோ மாட்டிக்கிச்சு போல பாய், நிறுத்துங்க” என்றார்.

தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன். எட்டுக்காக. ஏழு எண்ணியதும் கையைத் தூக்க வேண்டும். ஏழாவதைத் தட்டுகிறபோதே ‘டக்’ விழுந்துவிட்டது. என் எண்ணிக்கையில் பிசகு என்று நினைத்தேன். மறுபடி எண்ணினேன். ஏழு. மூன்றாவது சுற்றில் கையை நிறுத்திவிட்டுக் காதால் மட்டும் கேட்டேன். ஏழுதான். அரை இஞ்சு குறைத்து வெட்டியிருக்கிறான்.

நிமிர்ந்து பார்த்தேன். இக்பால் அந்த அம்மாவின் பிளவுஸுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.